உப்பும் நீரும் நிதானமும்

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கும் சேதராப்பட்டு, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமமே ஆயினும், அங்கே குழந்தை வைத்தியம் செய்ய உட்கார்ந்தவனிடம் இரண்டு அரசாங்கங்களின் பிரஜைகள் வந்து சேர்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எல்லைக்கோடு இப்பகுதியில் வானூர் வட்டத்து வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போவதால், காலையில் முதலில் வந்த சிசு புதுச்சேரியையும் அதற்கடுத்து வந்தது விழுப்புரம் ஜில்லாவையும் சேர்ந்ததாக இருக்கும். தொழிற்பேட்டையிலே கம்பெனி வேலைக்கு வந்து ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் வடநாட்டுத் தம்பதிகளின் குழந்தைகளும் பிற்காலத்தில் இவர்களோடு சேர்ந்துகொண்டன. பாஷையும் ஆகாரமும் வேறானாலும், இக்குழந்தைகளுக்குப் பிராணாபத்து நேர்ந்தபோதெல்லாம் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. தேகத்திலுள்ள நீரும் உப்பும் தமக்குரிய பிரமாணத்தை விட்டு விலகியதும், விலகியதைச் சரிசெய்ய முற்பட்டவர்கள் தாங்களும் அளவறியாமல் கொடுத்ததுமே அந்தக் காரணம். இத்தொழிலில் நான் கற்றவற்றுள் பெரும்பகுதி இந்த அளவைப் பற்றியதுதான். அதில் என் அனுபவத்துக்கு எட்டியவற்றை எழுதி வைப்பது, குழந்தையை மடியில் வைத்திருக்கும் எவருக்கேனும் பிரயோஜனப்படும் என்று நம்புகிறேன்.

பெரியவர்களின் தேகத்தைக் காட்டிலும் சிசுவின் தேகத்தில் ஜலபாகம் அதிகம். பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரே. ஒரு வயது ஆகும்போதுதான் அது நூற்றுக்கு அறுபது என்ற நிலைக்கு இறங்குகிறது. அவ்வளவு நீர் இருந்தும் அது சேமிப்பாக இருப்பதில்லை. உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீரில் பெரியவர் ஒரு நாளைக்கு ஏழில் ஒரு பங்கை மாற்றிக்கொண்டால், சிசு கிட்டத்தட்டப் பாதியை மாற்றிக்கொள்கிறது. மூத்திரத்தைச் சுருக்கி நீரை மிச்சப்படுத்தும் சக்தியும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குக் குறைவு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தாகம் எடுத்தால் எழுந்து போய்க் குடத்தில் மொண்டு குடிக்கவோ, வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்கவோ அதனால் இயலாது. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் ஒரு லிட்டர் நீர் போய்விட்டால், எடையில் பத்தில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். கோடைக்காலத்தில் அதற்கு ஒரு பகற்பொழுது போதும்.

ஜிப்மரில் நான் பயின்ற 1970களின் இறுதியில், ரத்தத்திலுள்ள சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளக்கும் கருவி ஃப்ளேம் போட்டோமீட்டர் என்பது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழியில், 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று பெயர்பெற்று, 1964இல் ராஷ்டிரபதி ராதாகிருஷ்ணன் கோரிமேட்டில் திறந்துவைத்த அந்த ஸ்தாபனத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு, ரத்தம் நிரம்பிய சிறு குழாயை நானே கையில் எடுத்துக்கொண்டு போவதுண்டு. ரத்தத்தின் தெளிநீரைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து மெல்லிய குழாய் வழியாக உறிஞ்சி, நீலச் சுடரில் தூவும்போது சோடியம் இருந்தால் சுடர் மஞ்சளாகும். பொட்டாசியம் இருந்தால் வெளிறிய ஊதா நிறம் கொள்ளும். அந்த ஒளியின் தீவிரத்தை அளந்து எண்ணாகச் சொல்லுவார்கள். சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல், பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை, ரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை, இந்தக் குறுகிய வரம்புகளுக்குள்தான் இருதயமும் மூளையும் வேலை செய்கின்றன என்பதைப் புஸ்தகத்தில் படித்திருந்தாலும், ஒரு சுடரின் நிறத்தில் கண்ணாலே கண்ட அன்றுதான் அது மனத்தில் ஊன்றியது. அங்கே மேற்பார்வையாக இருந்த பெரியவர் ஒருவர், குதிகாலைப் பிழிந்து எடுத்த ரத்தத்தைக் கொண்டுபோனால் வாங்கமாட்டார். பிழியும்போது சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே சிந்தி, இல்லாத மிகுதியை இருப்பதாகக் காட்டிவிடும். அந்த எண்ணை நம்பி வைத்தியம் செய்தால் குழந்தைக்குத்தான் கேடு என்று அவர் நிதானமாக விளக்குவார். எண்ணை நம்புவதற்கு முன் அந்த எண் பிறந்த விதத்தை விசாரிக்கவேண்டும் என்ற பழக்கம் அவர் எனக்கு அளித்த தனம்.

விடை வரச் சில சமயம் அரை நாள் ஆகும். அதுவரை குழந்தை காத்திருக்காது. ஆகவே கண்ணாலும் கையாலும் காதாலும் ரசாயனத்தைப் படிக்கும் வித்தையை எங்கள் ஆசிரியர்கள் கற்பித்தார்கள். சேதராப்பட்டில் பரிசோதனைக் கூடமே இல்லாத சிறு அறையில் வைத்தியம் தொடங்கிய எனக்கு அது ஒன்றே மூலதனம். உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா, கண் குழிவிழுந்திருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாயிருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா அல்லது மடிப்பு இரண்டு விநாடிக்கு மேல் நிற்கிறதா என்பவற்றைப் பார்த்தே, நூற்றுக்கு ஐந்து பங்கு நீர் போயிற்றா, பத்தா என்று ஒருவாறு கணிக்கலாம். ஆனால் இந்த அடையாளங்களுள் எதையும்விட நான் மேலாக மதித்தது தாயின் வார்த்தையை. "ஐயா, காலையில ஆறு மணிக்கு ஒண்ணுக்குப் போனது, அதுக்கப்புறம் துணி நனையவே இல்ல" என்று ஒரு தாய் சொன்னால், அதற்கு நிகரான பரிசோதனை எந்த ஊரிலும் கிடையாது. சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதை அவள் மணிக் கணக்கோடு சொல்லிவிட்டாள். "உச்சி விழுந்திடுச்சி" என்று கிழவிகள் சொல்வதையும் நான் ஒருபோதும் தள்ளியதில்லை. அவர்கள் அதற்குச் சொல்லும் காரணம் எதுவாயினும், கண்டது மெய்.

அதிகம் பேர் தவறவிடுகிற அடையாளம் மூச்சு. பேதியான குழந்தையைக் கொண்டுவந்து, "பேதி நின்னுபோச்சிங்க, இப்ப மூச்சுதான் வாங்குது, சளி கட்டியிருக்கு போல" என்பார்கள். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரைச்சல் ஒன்றுமில்லை. காற்று நிர்மலமாக உள்ளே போய் வருகிறது. ஆனால் ஒவ்வொரு சுவாசமும் ஆழமாய், வேகமாய், ஓயாமல் நடக்கிறது. பேதியோடு பைகார்பனேட் என்னும் காரப்பொருள் குடலிலிருந்து வெளியேறிவிட்டதால் ரத்தத்தில் அமிலம் மேலோங்கி, அதை ஈடுகட்டுவதற்காக நுரையீரல் கரியமிலவாயுவை வாரி வாரி வெளியே தள்ளும் பிரயத்தனமே அந்த மூச்சு. பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால், அமிலம் மிகுந்த ரத்தத்தில் கரியமிலவாயுவின் அழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டுமென்று தெரியும். பைகார்பனேட் எட்டுக்கு இறங்கிய குழந்தையிடம் அது நாற்பதிலிருந்து சுமார் இருபதுக்கு இறங்கியிருக்கும். அவ்வளவு தூரம் இறக்குவதற்கு அந்தச் சிறு மார்பு செய்யும் வேலையை நினைத்தால் மனம் உருகும். இப்படிப்பட்ட குழந்தையைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி நீரைக் குறைப்பதும், அழுகிறதென்று தூக்க மருந்து கொடுப்பதும் எவ்வளவு விபரீதமென்று சொல்லவேண்டியதில்லை. தூக்க மருந்தால் மூச்சு தணிந்தால், உயிரைக் காத்துவந்த ஒரே உபாயமும் போய்விடுகிறது. அதற்கு வேண்டுவது இழந்த நீரும் உப்பும். அவை போய்ச் சேர்ந்து, சிறுநீரகத்துக்கு ரத்தம் ஓடினால், அமிலத்தை அதுவே கழித்துவிடும். மார்பு சுத்தமாயிருந்து மூச்சு மட்டும் ஆழமாயிருக்கும் குழந்தை, பேதியில்லாமல் வந்தால், மூத்திரத்தில் சர்க்கரையைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. நீரிழிவு குழந்தைகளிடம் முதன்முதலாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று.

உப்பையும் நீரையும் திருப்பிக் கொடுக்கலாம் என்ற ஞானம் உலகத்துக்கு வந்த வரலாறு நீண்டது. 1831இல் இங்கிலாந்தில் காலரா புகுந்தபோது, அந்நோயாளிகளின் ரத்தம் நீரையும் உப்பையும் காரத்தையும் இழந்திருப்பதை இளைஞரான ஓ'ஷாக்னஸி ஆராய்ந்து சொன்னார்; அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா நரம்பு வழியாக உப்புநீரைச் செலுத்தினார். ஓ'ஷாக்னஸி பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் கல்கத்தாவுக்கு வந்து, தந்திக் கம்பி போடுவதில் கீர்த்தி பெற்றார். அவர் கண்ட உண்மையோ நூறு ஆண்டுக்கு மேல் பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. அதே வங்காளத்தில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, வாய் வழியாக உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்துக் காலரா நோயாளிகளைத் தேற்றிய செய்தியை 1953இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார். குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் உடன் அழைத்துப் போகிறது என்பதை 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கியபோது, அதற்கு சாஸ்திர ஆதாரமும் கிடைத்தது. 1971இல் கிழக்கு வங்காளத்து அகதிகள் பங்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருக்க, நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் சோடா உப்பையும் கலந்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கிற்று. தாயின் கையையே வைத்தியனின் கையாக நம்பிய அந்தத் துணிவு, சென்ற நூற்றாண்டில் நம் நாட்டில் நடந்த மகத்தான காரியங்களுள் ஒன்றென்று நான் கருதுகிறேன். அவர் 2022இல் காலமான பிறகுதான் பத்மவிபூஷண் அவர் பெயருக்கு வந்தது.

அந்த நம்பிக்கை பலிக்க ஒரு நிபந்தனை உண்டு, அளவு தவறக்கூடாது. 2002இல் உலக சுகாதார ஸ்தாபனம் திருத்தியமைத்த, ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கின்றன. ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் சோடியம் 75 மில்லிமோல் வரும். அதையே ஒரு டம்ளர் நீரில், அதாவது 200 மில்லிலிட்டரில் கரைத்துவிட்டால் 375 ஆகிவிடும்; ரத்தத்தில் இருப்பதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். அது குடலுக்குள் போனதும் தேகத்திலிருக்கும் நீரை வெளியே இழுத்து, பேதியையும் அதிகமாக்கி, சோடியத்தையும் ஏற்றிவிடும். ஆனால் கிராமத்து வீட்டில் லிட்டர் என்பது எங்கே இருக்கிறது? சொம்பு வீட்டுக்கு வீடு வேறு, டம்ளரும் அப்படியே. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு தாயையும் அவள் வீட்டுச் சொம்பைக் கொண்டுவரச் சொல்லி, அதில் அளவு ஜாடியால் நீரை ஊற்றி, ஒரு லிட்டர் நிற்கும் இடத்தில் ஆணியால் கீறிக் கொடுப்பேன். பிறகு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் எங்கும் பரவின; ஒரு லிட்டர் என்று அச்சிட்ட அந்த வெற்றுப் பாட்டில் இவ்விஷயத்தில் பெரிய உபகாரம் செய்தது. புதுச்சேரிக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்லவேண்டும்: எங்கள் ஊரில் மதுபாட்டிலுக்குப் பஞ்சமில்லை, முழு பாட்டிலை லிட்டரென்று எண்ணுகிற வீடுகள் பல. அதன் கொள்ளளவு 750 மில்லி. அதில் கரைத்தால் உப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகையால் எந்தப் பாத்திரத்தில் கரைத்தாய் என்ற கேள்வியைக் கேட்காமல் நான் எந்தத் தாயையும் அனுப்பியதில்லை.

கரைப்பது ஒன்று, கொடுப்பது ஒன்று. வாந்தி எடுக்கிற குழந்தைக்கு டம்ளரோடு சாய்த்தால் அவ்வளவும் திரும்பி வரும்; கரண்டியால் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஊட்டினால் தங்கும். மிதமான நீரிழப்பாயின் எடையில் கிலோவுக்கு 75 மில்லி என்ற கணக்கில் நான்கு மணி நேரத்தில் கொடுத்து முடிக்கவேண்டும். என் அறையின் திண்ணையில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்து, பாலாடையிலும் கரண்டியிலும் ஊட்டிக்கொண்டிருப்பார்கள், "பாட்டில் ஏத்தமாட்டீங்களா ஐயா?" என்று சில தகப்பன்மார் கோபிப்பதும் உண்டு. அவர்கள் கேட்ட பாட்டில் பெரும்பாலும் குளுக்கோஸ் நீர். ஐந்து சத குளுக்கோஸ் நீரில் சோடியம் ஒரு துளியும் இல்லை. உப்பிழந்த சிசுவுக்கு அதை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு நரம்பில் ஏற்றத்தான் வேண்டும். அதற்கு உரியது ரிங்கர் லாக்டேட். சிட்னி ரிங்கர் கண்ட உப்புநீரில், செயிண்ட் லூயி நகரத்துக் குழந்தை வைத்தியரான ஹார்ட்மன் 1930களின் தொடக்கத்தில் லாக்டேட்டைச் சேர்த்தது இப்படிப்பட்ட அமிலம் மிகுந்த குழந்தைகளுக்காகவே. ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு முதல் ஒரு மணியில் கிலோவுக்கு 30 மில்லியும், பின் ஐந்து மணியில் 70 மில்லியும் கொடுப்பது முறை.

விரைவாகக் கொடுத்தே ஆகவேண்டிய குழந்தை இவ்விதம் ஒன்று இருக்க, விரைந்தால் கெட்டுப்போகும் குழந்தை இன்னொன்று உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில், தலைச்சன் பிள்ளையைப் பெற்று தாய்வீட்டில் இருக்கும் இளம்பெண், பிறந்து எட்டு பத்து நாளான சிசுவைக் காய்ச்சலென்றோ மஞ்சளென்றோ எடுத்து வருவாள். "ரொம்ப சாதுங்க, அழவே அழாது, தூங்கிட்டே இருக்கும்" என்று பெருமையாகச் சொல்லுவாள் அவளுடைய தாய். தராசில் வைத்தால் பிறந்த எடையைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்திருக்கும். துணியில் செங்கல் நிறத்தில் கறை படிந்திருக்கும். தாய்ப்பால் ஊறிவரத் தாமதித்து, வெய்யிலின் உஷ்ணத்தில் நீர் வற்றி, சோடியம் 160க்கும் மேலே ஏறிய சிசு அது. இதில் வஞ்சகம் என்னவென்றால், உயிரணுக்களுக்குள் இருந்த நீர் வெளியே வந்து ரத்த ஓட்டத்தைத் தாங்கிக்கொண்டிருப்பதால், வெளிப்பார்வைக்குக் குழந்தை அவ்வளவு வற்றியதாகத் தோன்றாது. தோலைக் கிள்ளினால் மடிப்பு நிற்பதற்குப் பதில் பிசைந்த மாவைப்போல் விரலுக்குள் குழையும். மூளையின் உயிரணுக்கள் சுருங்கிப் போகாமலிருக்கத் தமக்குள்ளேயே சில பொருள்களை உண்டாக்கி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் உப்பில்லாத நீரை அவசரமாக ஏற்றிச் சோடியத்தை இறக்கினால், நீர் பாய்ந்து மூளை வீங்கி, வைத்தியத்தாலேயே வலிப்பு வரும். ஆகையால் ஒரு நாளைக்குப் பத்து முதல் பன்னிரண்டு மில்லிமோலுக்கு மேல் இறங்காதபடி, இரண்டு மூன்று நாள் பொறுமையாக இறக்கவேண்டும். காப்பாற்றியாகவேண்டும் என்ற தவிப்பு நெஞ்சிலிருக்கும்போது கையை மெதுவாக நடத்துவதுதான் இத்தொழிலில் மிகக் கடினமான பயிற்சியாக எனக்கு இருந்தது. பிரசவித்து வீடு திரும்பும் ஒவ்வொரு தலைச்சன் தாயும் மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் சிசுவை எடை பார்த்துக்கொள்ளவேண்டும் என்று இன்றுவரை பிடிவாதமாகச் சொல்லிவருகிறேன்.

இதற்கு நேர்மாறான நோய் தொழிற்பேட்டைக் குடும்பங்களில் வந்தது. தாய் கம்பெனிக்குப் போக, நாலைந்து மாதக் குழந்தையை ஆயா பார்த்துக்கொள்வாள். பாக்கெட் பாலில் ஒன்றுக்கு இரண்டாகவும் மூன்றாகவும் நீரைச் சேர்த்துக் காய்ச்சி, வெய்யிலுக்கென்று இடையிடையே வெறும் நீரையும் புட்டியில் ஊட்டுவாள். ஒரு நாள் காய்ச்சலே இல்லாமல் வலிப்பு வரும். இத்தகைய குழந்தை ஒன்றின் ஆயாவிடம் நான் விசாரித்தபோது, "கெட்டிப்பால் புள்ளைக்கு செரிக்காதுங்க ஐயா, மாந்தம் கட்டிக்கும், அதான் தண்ணி ஊத்தறேன்" என்றாள். அவளுடைய வாத்ஸல்யத்தில் குறையேதுமில்லை. பால் விலையையும் அவள் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்தில் வைத்திருந்தாள். "ஆயா, பால் செரிக்கும், இவ்வளவு தண்ணியைத்தான் இந்தச் சின்ன சிறுநீரகம் வெளியே தள்ளமாட்டேங்குது" என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சோடியம் 120க்கும் கீழே இருந்தது. மூன்று சத உப்புநீரைச் சிறிதளவு மெள்ளச் செலுத்தியதும் வலிப்பு நின்றது. அதற்குப் பின், வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குப் பாலைப் பீய்ச்சி மூடிவைக்கும் முறையைக் கற்பிப்பதையே என் பிரதான காரியங்களுள் ஒன்றாக வைத்துக்கொண்டேன். ஆறு மாதம் நிரம்பும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு நீரும் வேண்டாம் என்ற விதி, எங்கள் ஊர் வெய்யிலுக்கும் பொருந்தும்.

மாந்தம் என்றாள் அந்த ஆயா. வட தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் புதுச்சேரியிலும் சிசுவின் வயிறு உப்பினால் அதற்குப் பெயர் மாந்தம். தொக்கம் எடுப்பவரிடம் போவார்கள், சில வீடுகளில் வயிற்றில் சூடு இடுவார்கள். ஒரு வாரமாகப் பேதியாகி, கஞ்சித்தண்ணீரே ஆகாரமாயிருந்த குழந்தையின் வயிறு உப்பிக் கழுத்து தொங்கிக் கிடக்கும்போது, அந்தச் சூட்டுத் தழும்புகளைப் பார்க்கையில் எனக்கு உண்டான துக்கம் சொல்லி மாளாது. அது பொட்டாசியக் குறைவு. பேதியோடு பொட்டாசியம் வெளியேறிவிட்டால் குடலின் தசை அசைவற்றுப்போகும். வயிற்றில் காது வைத்துக் கேட்டால் சப்தமே இராது. அமெரிக்கக் குழந்தை வைத்தியரான டேனியல் டாரோ 1940களில், பேதியுற்ற சிசுக்களுக்குக் கொடுக்கும் நீரில் பொட்டாசியமும் சேர்க்கவேண்டும் என்று நிலைநாட்டும்வரை, சோடியத்தைத் திருப்பிக் கொடுத்தும் சிசுக்கள் ஏன் மாண்டன என்பது தெளிவாகவில்லை. ஆனால் இது இருபுறமும் கூரிய ஆயுதம். மூத்திரம் போகாத குழந்தைக்குப் பொட்டாசியம் ஏற்றக்கூடாது. ஒரு லிட்டர் நீரில் 40 மில்லிமோலுக்கு மேல் சாதாரண நரம்பில் கலக்கக்கூடாது. கடைகளில் கிடைக்கும் பத்து மில்லி ஆம்பூலில் 20 மில்லிமோல் அடங்கியிருப்பதால், அதை ஊசியில் எடுத்து நேரே நரம்பில் செலுத்தினால் இருதயம் நின்றுவிடும். அந்த ஆம்பூல்களை மற்ற மருந்துகளோடு வைக்காமல் தனிப் பெட்டியில் பூட்டிவைப்பது என் வழக்கம்.

வாய் வழியே கொடுப்பதற்கு இங்கே இளநீர் இருக்கிறது. பொட்டாசியம் அதில் நிறைய உண்டு. சோடியமோ மிகச் சொற்பம். ஆகவே பேதியான குழந்தைக்கு இளநீரை மட்டும் கொடுத்தால் போதாது. பொட்டலக் கரைசலோடு சேர்த்துக் கொடுத்தால் நல்லது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும், பிசைந்த வாழைப்பழமும் அவ்வாறே. பேதி நிற்கும்வரை வயிற்றைக் காயப்போடவேண்டும் என்ற பழைய எண்ணத்தை மாற்றப் பல ஆண்டுகள் ஆயின.

அமிலம் மிகுவதற்கு எதிராகக் காரம் மிகுவதும் உண்டு. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள், பெரும்பாலும் தலைச்சன் ஆண்பிள்ளை, பால் குடித்த சற்றுநேரத்தில் எட்டிப்போய் விழும்படி வாந்தியெடுத்துவிட்டு உடனே மறுபடியும் பசித்து அழும். வாந்தியில் பித்தத்தின் நிறம் இராது. இரைப்பையின் வாயில் தசை தடித்து அடைத்துக்கொண்டதால், அமிலமும் குளோரைடும் வெளியே போய் ரத்தம் காரமாகிவிட்ட நிலை இது. ராம்ஸ்டெட் ஏற்படுத்திய சிறு அறுவையால் நிச்சயமாகக் குணமாகும். ஆனால் குளோரைடும் பொட்டாசியமும் சரியாகும்வரை கத்தியை எடுக்கலாகாது. காரம் மிகுந்த சிசுவுக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு தாழ்ந்துவிடும். பெற்றோர் துடித்தாலும் ஒருநாள், இரண்டு நாள் பொறுப்பதே சிகிச்சை.

சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் எப்போதாவது ஒரு குழந்தையைச் சவலை என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். வளராது, கால் வளையும், நிறைய மூத்திரம் போகும், தண்ணீருக்கு ஏங்கும். ரத்தத்தில் அமிலம் மிகுந்திருந்தும் மூத்திரம் அமிலமாகாமல் இருந்தால், சிறுநீரகக் குழாய்களில் பரம்பரையான குறையென்று யூகிக்கலாம். சிட்ரேட் மருந்தை நாள்தோறும் அளந்து கொடுத்துவந்தால் குழந்தை தளிர்ப்பதைப் பார்ப்பது பெரிய ஆனந்தம். அவர்கள் ஆயுள் முழுவதும் அதைக் கைவிடக்கூடாது என்பதால், குணமான பிறகும் நிறுத்தாதிருக்கச் சொல்லுவதே அங்கே வைத்தியனின் வேலை.

காலம் பெரிதும் மாறிவிட்டது. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016 முதல் அரசாங்கத் தடுப்புத் திட்டத்தில் படிப்படியாகச் சேர்ந்தது. அதன் பரிசோதனையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கும் பங்குண்டு. முன்பு மார்கழி, தை மாதங்களில் திண்ணை நிறைந்திருந்த கூட்டம் இப்போது இல்லை. பேதியான குழந்தைக்குத் துத்தநாக மருந்தை, ஆறு மாதத்துக்குட்பட்டால் 10 மில்லிகிராமும் அதற்கு மேல் 20 மில்லிகிராமுமாக, பதினான்கு நாள் கொடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. மறுபக்கம், ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பெரிதாக அச்சிட்டுக்கொண்டு, சர்க்கரை மிகுந்து உப்பு குறைந்த பழரச பானங்கள் மருந்துக்கடைகளிலேயே விலையாயின. பேதியில் வாடும் குழந்தைக்கு அதைக் கொடுத்தால், சர்க்கரையின் மிகுதியே நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை வளர்க்கும். பெயரை நம்பி, கூலிப் பணத்தைக் கொடுத்து வாங்கி வந்த தாயிடம் அது மருந்தன்று என்று சொல்லவேண்டி வந்த நாட்களில் எனக்கு உண்டான கோபம் சாமானியமன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் அந்தப் பெயரை அவ்வாறு பயன்படுத்தக்கூடாதென்று உத்தரவிட்டது. நல்ல காரியம்; எல்லைக்கு இருபுறமும் உள்ள கடைக்காரர்கள் அதை அனுசரிக்கிறார்களா என்று நான் போகும்போதெல்லாம் அலமாரியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்னிடம் சில காலம் உடனிருந்து பழகிய இளம் வைத்தியர்களுக்கு, குழந்தையை மேலிடத்துக்கு அனுப்பும்போது எழுதும் கடிதத்தைப் பற்றியே நான் அதிகம் சொல்லியிருக்கிறேன். சேதராப்பட்டிலிருந்து கோரிமேட்டுக்கோ, எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ ஆட்டோவில் போகும் குழந்தையை அங்கே முதலில் பார்ப்பவர், நம்மைப்போல் அதன் தாயோடு மணிக்கணக்கில் பேசியிருக்கமாட்டார். நோயின் பெயரை அவரே கண்டுகொள்வார். நாம் எழுதவேண்டியவை வேறு. இன்றைய எடை, தெரிந்தால் போன வாரத்து எடை. கடைசியாக மூத்திரம் போன மணி. எந்தத் திரவம், எந்தப் பாத்திரத்தில் கரைத்தது, எத்தனை மில்லி உள்ளே போயிற்று. நரம்பில் ஏற்றியிருந்தால் அது ரிங்கரா குளுக்கோஸா, எத்தனை மணிக்குத் தொடங்கியது. பாலில் எவ்வளவு நீர் சேர்த்தார்கள். பொட்டாசியம் கொடுக்கப்பட்டதா இல்லையா. இவற்றைத் தெளிவான எழுத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டாமல், தாயின் கையில் கொடுக்கவேண்டும். வழியில் ஊட்டுவதற்கு ஒரு லிட்டர் பாட்டிலில் கரைத்த நீரும் ஒரு கரண்டியும் அவளோடு போகவேண்டும். குழந்தை விழுங்கமாட்டாமல் மயங்கினால் ஊட்டுவதை நிறுத்திவிடவேண்டுமென்று அவளிடம் இரண்டு முறை சொல்லி, அவள் வாயால் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே வண்டியை எடுக்கச் சொல்லவேண்டும்.